திருகோணமலை என்று கோப்புக்குப் பெயர் வைக்கும்போது

இங்கே ஒரு பாடசாலையின் ஆண்டு மலருக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். பொறுப்பாசிரியை தனது பழைய மக் கணினியிலிருந்து படங்களை ஸிப் செய்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். என் லினக்ஸ் கணினியில், டெக் என்ற பக்க அமைப்பு நிரலின் ஒரு வகையான ஸீலேடெக்கை ஓடவிட்டால், 'திருகோணமலை-கோட்டை' என்ற படத்தைக் காணவில்லை என்று நின்றுவிடுகிறது. கோப்புறையைத் திறந்தால் படம் கண்முன்னே கிடக்கிறது. "தம்பி, எல்லாப் படமும் அனுப்பினனான் தானே?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இரவு வெகுநேரம் தேடிய பிறகுதான் பிழை 'கோ'வில் இருப்பது தெரிந்தது. ஒருங்குறியில் (யூனிகோட்) 'ோ' என்பதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், 'ே', 'ா' என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் மக்கின் பழைய முறைமையான எச்எப்எஸ் பிளஸ், பெயரைச் சேமிக்கும்போதே அதை இரண்டாகப் பிரித்துவிடும். நான் மலரின் மூலக் கோப்பில் தட்டியதோ ஒற்றைக் குறியீடு. லினக்ஸும் விண்டோஸும் இவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். 2017இல் மக்குக்கு வந்த ஏபிஎப்எஸ் என்ற புதிய முறைமை இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால், புதிய மக் வைத்திருப்பவருக்குச் சிக்கல் கண்ணில் படவே படாது. 'ொ', 'ௌ' இரண்டுக்கும் இதே கதைதான். கோணேசர் கோயில், கோட்டை, கொட்டியாரம் என்று எங்கள் ஊர்ப் படங்களில் பாதி இதில் மாட்டும். கன்னியாவும் நிலாவெளியும் தப்பிவிடும்.

ஆங்கிலப் பெயர் வைத்தாலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். டெக் நிரல்களின் தொகுப்பான டெக் லைவ், 2018ஆம் ஆண்டின் பதிப்பு முதல், நம் சொந்தக் கோப்புறைகளில் இந்த வேறுபாட்டைத் தானே சமாளித்துத் தேடுகிறது. அச்சகத்தில் இருப்பது அதற்கு முந்திய பதிப்பென்றால் படம் கிடைக்காது.

தேடும் பாதையிலும் கவனம் வேண்டும். டெக் எந்தக் கோப்புறைகளில் தேடவேண்டும் என்று சொல்லும் டெக்ஸ்இன்புட்ஸ் மாறியில் கோப்புறைகளைப் பிரிக்க விண்டோஸில் அரைப்புள்ளி, லினக்ஸிலும் மக்கிலும் முக்காற்புள்ளி. லினக்ஸில் அந்தப் பட்டியலின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளியை விட்டுவைக்காவிட்டால், டெக்கின் வழக்கமான பாதைகளே மறைந்து, அடிப்படைப் பொதிகள்கூட அகப்படாது. பாதைக்குள் எந்தக் கணினியிலும் முன்சாய்கோடுதான் போடவேண்டும். பின்சாய்கோடு டெக்குக்குக் கட்டளையின் தொடக்கம்.

இப்போது படம் தருவோரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோப்பின் பெயருக்கு ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும் சிறுகோடும் போதும், இடைவெளி வேண்டாம், தமிழைப் படவிளக்கத்தில் எழுதித் தாருங்கள். ஊரின் பெயரை ஊரின் எழுத்தில் வைக்காதே என்று சொல்ல மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அச்சுக்குப் போகும் நாளில் ஒரு பிள்ளையின் படம் விடுபடுவது அதைவிட வலிக்கும்.

தமிழ்ப் பெயரோடு ஏற்கெனவே வந்துவிட்டவற்றுக்கு லினக்ஸில் கான்வ்எம்வி என்ற சிறு நிரல் இருக்கிறது. பிரிந்த குறியீடுகளை அது ஒன்றாக்கும். முதலில் எதை எப்படி மாற்றப்போகிறது என்று காட்டமட்டும் செய்யும். தனியாகச் சொன்னால்தான் பெயரில் கைவைக்கும். அது காட்டும் பட்டியலை ஒருமுறை வாசித்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள்.