பேசுமுன் நடையைப் படிக்கும் ரோபோ

கடைவீதியில் ஒருவரிடம் வழி கேட்க வேண்டுமென்றால், அவர் அவசரமாகப் போகிறாரா, வேடிக்கை பார்த்தபடி நடக்கிறாரா என்று நாம் நொடியில் கணித்துவிடுகிறோம். மனித உருவ ரோபோவுக்கு மிகக் கடினமான பாடம் இதுதான். பேச்சும் கையசைவும் அதற்குப் பின்னரே வருகின்றன.

ஜப்பானின் ஏடிஆர் ஆய்வகத்தினர் ஒசாகாவில் ஒரு வணிக வளாகத்தில் ரோபோ ஒன்றை நிறுத்தி, வருவோரிடம் கடைகளைப் பற்றிச் சொல்லவைத்தார்கள். ரோபோ நெருங்குவதற்குள் பலர் கடந்துபோனார்கள். பக்கவாட்டில் வந்து வணக்கம் சொன்னாலோ, அது தமக்குச் சொல்லப்பட்டது என்றே சிலருக்குத் தோன்றவில்லை. ஆகவே, ஒருவர் இப்போது நிற்கும் இடத்தை நோக்கிப் போகாமல், சில விநாடிகளில் அவர் வந்துசேரக்கூடிய இடத்தைக் கணித்து, அவர் பார்வையில் படும்படி எதிரே வரும் முறையை வகுத்தார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வில், இந்த முறையில் அணுகியபோது நின்று பேசியவர்கள் கூடினார்கள்.

இந்தக் கணிப்புக்கு ரோபோவின் கண்கள் மட்டும் போதா; கட்டடமும் உடன் நின்று பார்க்க வேண்டும். ஒசாகாவின் ஏடிசி வளாகத்தில் இதே ஆய்வகத்தினர் சுமார் 900 சதுர மீட்டர் பரப்பைக் கண்காணிக்க 49 முப்பரிமாண உணரிகளைப் பொருத்தியிருந்தார்கள். இத்தகைய உணரிகளில் சில வகைகள் அனுப்பும் ஒளி ஆளின் மீது பட்டுத் திரும்பிவர ஆகும் நேரமே தொலைவைச் சொல்லும்: 3 மீட்டர் தள்ளி நிற்பவரிடமிருந்து ஒளி திரும்ப ஒரு விநாடியின் நூறு கோடியில் 20 பங்கு போதும். இப்படித் தொடர்ந்து அளந்தால் ஒவ்வொருவரின் இடம், வேகம், உயரம் ஆகியவை கிடைக்கும். முகத்தை அறியாமலேயே நடையைப் பின்தொடர முடிவதை நான் இம்முறையின் பெருஞ்சிறப்பாகக் கருதுகிறேன்.

எதிரே நின்ற பிறகு அடுத்த சிக்கல் தொடங்குகிறது. உரையாடலில் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளி, ஜப்பானியம் உட்படப் பத்து மொழிகளில் அளந்தபோது, சராசரியாக 200 மில்லிவிநாடியை ஒட்டி இருந்தது. ரோபோவோ பேச்சு முடிந்ததை மௌனத்தைக் கொண்டே உறுதிசெய்ய வேண்டியிருப்பதால், பல சமயம் அரை விநாடிக்கும் மேல் காத்திருக்கிறது. அந்த இடைவெளியில் மனிதர் மீண்டும் பேசத் தொடங்க, இரண்டு குரல்களும் மோதிக்கொள்கின்றன. பெப்பர் போன்ற ரோபோக்களின் கண் விளக்குகள் நிறம் மாறிக் காட்டுவது, "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று அறிவிக்கத்தான்.

நடையைப் படிக்கும் இதே திறன் தற்காப்புக்கும் பயன்பட்டது. பெரியவர்கள் அருகில் இல்லாதபோது சிறுவர்கள் கூடி ரோபோவை வழிமறித்தார்கள், சிலர் அடித்தார்கள், உதைத்தார்கள். வழிவிடுமாறு பணிவாகக் கேட்டும் பயனில்லை. அதனால், சுற்றிலும் குள்ளமான உருவங்கள் மட்டுமே திரண்டு நின்றால் ஆபத்து எனக் கணித்து, உயரமானவர்கள் இருக்கும் திசைக்கு ரோபோ நகர்ந்துவிடும்படி ஆய்வாளர்கள் நிரல் எழுதினார்கள். அங்கே பெற்றோர் இருக்கக்கூடும்.