மல்டி ரீஜன் பிளேயர்: பூட்டு ஒரு பைட்தான்

ஜப்பானில் வெளியாகும் டிவிடியின் அட்டையிலும் பிரிட்டனில் வெளியாகும் டிவிடியின் அட்டையிலும் ஒரே முத்திரைதான்: ரீஜன் 2. (உலகைப் பகுதி பகுதியாகப் பிரித்து, டிவிடி எங்கே ஓடலாம் என்று குறிக்க வைத்த எண்தான் ரீஜன்.) அமெரிக்காவில் விற்கும் சாதாரண பிளேயர் ரீஜன் 1 என்பதால் இரண்டையுமே ஏற்காது. சரி, எந்த ரீஜன் டிஸ்க்கையும் ஏற்கும் ‘மல்டி ரீஜன்’ பிளேயர் ஒன்றை வாங்கியாயிற்று. இப்போது ஜப்பான் டிஸ்க் ஜோராக ஓடும். பிரிட்டன் டிஸ்க் அப்போதும் தகராறு செய்யலாம். காரணம், தடைகள் இரண்டு. அதில் ரீஜன் சின்னது.

எவ்வளவு சின்னது? டிஸ்க்கில் எழுதியிருக்கும் ஒரே ஒரு பைட். அதிலுள்ள எட்டு பிட்களும் (0 அல்லது 1 மட்டுமே வரும் இடங்கள்) ரீஜனுக்கு ஒன்று. எந்த ரீஜனில் ஓடக் கூடாதோ அதற்குரிய பிட்டில் 1 இருக்கும். ரீஜன் 1-க்கு மட்டுமான டிஸ்க் என்றால் 11111110. எட்டுமே பூஜ்யமாக இருந்தால் எங்கும் ஓடும். பிளேயர் தன் எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவே. அமெரிக்காவில் டிவிடியாகவே வந்துவிட்ட படம் வேறு நாட்டில் அப்போதுதான் தியேட்டருக்கு வரும். அந்த வசூல் கெடக் கூடாது என்று ஸ்டூடியோக்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. (இந்தியா ரீஜன் 5. விமானத்துக்கும் கப்பலுக்கும்கூட 8 என்று தனியாக ஒன்று!)

இந்தச் சோதனையைக் கண்டுகொள்ளாத பிளேயர்கள் பெருகியதும், 2000-இல் பதிலடி வந்தது. சில ரீஜன் 1 டிஸ்க்குகளில் உள்ள நிரலே பிளேயரின் எண்ணைக் கேட்கும். 1 என்று பதில் வராவிட்டால் படம் தொடங்காது. ஆகவே ரீஜன் எண்ணை நாமே ரிமோட்டில் மாற்ற முடிகிற பிளேயர்தான் என் தேர்வு.

இனி பெரிய தடை. பிரிட்டன் டிஸ்க் ‘பால்’ (PAL) என்னும் டிவி சிக்னல் முறை: திரையில் 576 கிடைவரி, நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்). ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி (NTSC) என்னும் வேறு முறை: 480 வரி, 29.97 பிரேம். சினிமாவோ 24 பிரேம். பால் டிஸ்க்குக்காகப் படத்தை 4 சதவீதம் வேகப்படுத்தி 25 ஆக்கிவிடுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். சரிசெய்யாமல் விட்டால் வசனமும் இசையும் கொஞ்சம் மேல்சுருதியில் ஒலிக்கும். பழகிய காது கண்டுபிடித்துவிடும்.

அமெரிக்க டிவிகள் பலவும் பால் சிக்னலை ஏற்பதில்லை. அதனால் பிளேயருக்குள்ளேயே அதை என்டிஎஸ்சியாக மாற்றியாக வேண்டும். கொடுத்த காசுக்கு வித்தியாசம் தெரிவது இங்கேதான். ஒரு பால் டிஸ்க்கைப் போட்டு, கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். எழுத்துகள் வழுக்கிக்கொண்டு மேலேறினால் நல்ல சிப். தத்தித் தத்தி ஏறினால், அந்தப் பிளேயர் வேண்டாம்.

கம்ப்யூட்டர் டிரைவ் போதாதா என்றால், அதில் ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும். அப்புறம் கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். ப்ளூ-ரேயில் ஏ, பி, சி என்று தனிக் கணக்கு. ஆகவே ‘மல்டி ரீஜன்’ என்று விற்கும் ப்ளூ-ரே பிளேயரில் அது டிவிடிக்கு மட்டுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். 4கே டிஸ்க்கில் ரீஜன் தொல்லையே கிடையாது. அதே பெட்டியில் கூட வரும் ப்ளூ-ரேயில் இருக்கலாம்.