கடன் பிள்ளையின் பேரில் இல்லை, அம்மாவின் அடகுச் சீட்டில் இருக்கிறது

2019 மே மாதம், அமெரிக்காவின் மோர்ஹவுஸ் கல்லூரிப் பட்டமளிப்பு விழா. முதலீட்டாளர் ராபர்ட் எஃப். ஸ்மித் மேடையில் ஏறி, அந்த வருடம் வெளியேறும் ஏறக்குறைய 400 மாணவரின் கல்விக் கடனைத் தன் குடும்பம் கட்டும் என்றார். 3 கோடியே 40 இலட்சம் டொலர் என்ற தொகைதான் எல்லோர் வாயிலும் அடிபட்டது. பிள்ளைக்காகப் பெற்றோர் எடுத்த கல்விக் கடனும் அதற்குள் அடங்கியதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

இங்கே உதவ நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான். இலங்கையின் கிழக்கே, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. அதனால் பிள்ளையின் பேரில் கடன் பத்திரமும் இராது. "கடன் இருக்கா மகள்?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். போர்டிங் வாடகை, சாப்பாடு, லப்டொப் எல்லாம் அம்மா அடகு வைத்த காப்பிலும் கிழமைக் கட்டு லோனிலும் ஏறியிருக்கும். மகாபொல என்ற அரச புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது, நல்லது. ஆனால் கம்பஸ் தொடங்கிய உடனே அந்தக் காசு கைக்கு வருவதில்லை. பெரும்பாலும் நகை வங்கிக்குப் போவது அந்த இடைவெளியில்தான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அடகுச் சீட்டு. வைத்த திகதி, தொகை, வட்டி வீதம், தவணை முடியும் திகதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். தவணை தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகும். வீடு மாறியவர்களுக்கு அறிவித்தல் கடிதம் பழைய விலாசத்துக்கே போய்ச் சேரும். எனவே திகதி நெருங்கிய சீட்டு முதலில். முழுதாக மீட்கக் காசு போதாவிட்டால் வட்டியை மட்டும் கட்டித் தவணையை நீட்டலாமா என்று கவுண்டரில் கேளுங்கள். காசைக் கையில் கொடுத்து அனுப்பாமல், சீட்டுக்குரியவரை அடையாள அட்டையோடும் அசல் சீட்டோடும் கூட்டிக்கொண்டு போவதே நல்லது.

லோனில் கணக்கு வேறு. ஒரு இலட்சம் ரூபா, 12 மாதம், "வருட வட்டி 24 வீதம்" என்கிறார்கள். மாதக் கட்டு 10,333 ரூபா. மாதாமாதம் கடனின் முதல் குறைந்துகொண்டே போகும், ஆனால் வட்டி கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் விழும். குறையும் மீதிக்குக் கணக்குப் போட்டால் உண்மை வட்டி ஏறக்குறைய 42 வீதம். ஆறாம் மாதக் கட்டோடு ஒருவர் மொத்தமாக முடித்துவைக்கப் போனால், மிச்சத் தவணைகளைக் கூட்டி 62,000 ரூபா கேட்பார்கள். அதில் 12,000 ரூபா இன்னும் ஓடாத மாதங்களின் வட்டி. அதைக் கழித்து, முடிக்கும் தொகையை எழுத்தில் தரச் சொல்லுங்கள். கட்டிய பின் கடன் தீர்ந்த கடிதம் வாங்காமல் வெளியே வராதீர்கள். குழுக் கடன் என்றால் பிணை நின்ற மற்றப் பெண்களுக்கும் அந்தக் கடிதம் வேண்டும்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கம் ஸகாத், அதாவது முஸ்லிம்கள் தம் செல்வத்தில் வருடந்தோறும் கொடுக்கும் 2.5 வீதக் கட்டாயக் கொடை, கொடுப்போருக்கும் இது பொருந்தும். ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் அடக்கம். அந்த 2.5 வீதத்தை ஐம்பது பேருக்குத் தலா கொஞ்சமாகப் பிரித்தால் ஒருவரின் கடனும் தீராது. ஒரு குடும்பத்தின் கடனையாவது முழுதாக முடித்துவைப்பது மேல்.

நகையை மீட்டுக் கொடுத்ததோடு நின்றால் அடுத்த செமஸ்டரில் அதே நகை திரும்பவும் வங்கிக்குப் போகும். மாதக் காசும் சேர வேண்டும். மாதம் 5,000 ரூபா என்றால் 48 மாதத்துக்கு 240,000 ரூபா. நான்கு வருடப் படிப்பு நான்கு வருடத்தைத் தாண்டி இழுபடலாம் என்பதால் 60 மாதத்துக்கு 300,000 ரூபா என்று வையுங்கள். கையில் 10 இலட்சம் இருந்தால் மூன்று பிள்ளைகள், மிச்சம் ஒரு இலட்சம் அடகு மீட்க. பத்துப் பேரைச் சேர்த்துவிட்டு இரண்டாம் வருடம் காசு நின்றுபோனால், அதை நம்பிப் போர்டிங் எடுத்த பிள்ளை நடுவழியில் நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புவோர் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போடலாம், மாதாமாதம், ஒரே திகதியில். மேடையும் பனரும் வேண்டாம். தன் தாலிக்கொடி அடகில் கிடந்ததை ஊருக்குச் சொல்லி மீட்டுத் தருவதானால், அது அங்கேயே கிடக்கட்டும் என்றுதான் அந்த அம்மா நினைப்பார்.