எஸ்.ஓ.எஸ் துலங்கல்: யாரையும் கூப்பிடாத அபயக்குரல்

மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. மோர்ஸ் குறியில் கப்பல்கள் அனுப்பிய ஆபத்துச் சைகைதான் எஸ்.ஓ.எஸ். 1906 பெர்லின் மாநாடு இதை ஏற்றபோது அந்த எழுத்துகளுக்கு விரிவு எதுவும் இல்லை. உயிரைக் காப்பாற்றச் சொல்லும் வாசகமெல்லாம் பிற்பாடு ஒட்டியது. 1970களில் உயிரியலாளர் மிரோஸ்லாவ் ராட்மன் இந்தப் பெயரைப் பாக்டீரியாவின் ஒரு செயலுக்கு வைத்தார்: 'எஸ்.ஓ.எஸ் ரெஸ்பான்ஸ்'. டிஎன்ஏ சேதமானதும், மூடிக் கிடந்த பல மரபணுக்கள் விழித்துக்கொள்வதை அது குறிக்கும்.

இதைத் தமிழில் 'அபயக்குரல்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் குரல் என்றால் கேட்க ஆள் வேண்டும்; பாக்டீரியாவோ தன் கருவிப்பெட்டியைத் தானே திறக்கிறது. 'ரெஸ்பான்ஸ்' என்பதற்கு 'எதிர்வினை' என்றால் வேதிவினையோடு குழம்பும். நம் தமிழ்ப்பள்ளி அறிவியலில் பிள்ளைகள் தூண்டல், துலங்கல் என்றுதானே படிக்கிறார்கள்? நெருக்கடித் துலங்கல் என்போம். 'மரபணுச் சேதம்' என்பதும் பிசகு. சேதமாவது டிஎன்ஏ, மரபணு அதன் ஒரு பகுதி.

ஈ-கோலை என்னும் குடல் பாக்டீரியாவில் இந்த மரபணுக்களுக்குப் பூட்டு, லெக்ஸ்ஏ என்னும் ஒடுக்கிப் புரதம். 40க்கும் மேற்பட்ட மரபணுக்களின் முகப்பில் உட்கார்ந்து அவற்றை அடக்கி வைக்கும். சேதத்தில் நகலெடுப்பு தடைபட்டால் ஒற்றை இழை டிஎன்ஏ வெளித்தெரியும். ரெக்ஏ புரதம் அதைச் சுற்றிப் படரும். அப்படிப் படர்ந்த ரெக்ஏவைத் தொட்ட லெக்ஸ்ஏ தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது, 84, 85ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே. 'ரெக்ஏ வெட்டுகிறது' என்று எழுதுவோர் உண்டு, தவறு. ரெக்ஏ தூண்டிவிடுகிறது, அவ்வளவே.

பூட்டுகள் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. லெக்ஸ்ஏ தளர்வாகப் பிடித்திருக்கும் யூவிஆர்ஏ, யூவிஆர்பி மரபணுக்கள் முதலில் இயங்கி, சேதமான துண்டை நறுக்கி எடுக்க உதவும். இறுக்கமான பூட்டுடைய சுல்ஏ மரபணு, செல் பிரிவதை நிறுத்தும். நுண்ணோக்கியில் குட்டைக் குச்சிகள் நீண்ட நூலாகத் தெரிவது இதனால்தான். பிழையோடாவது நகலெடுத்துத் தப்பிக்கும் பாலிமரேஸ் ஐந்து என்ற நொதி கடைசியில்தான் வரும். திடீர்மாற்றங்கள் பெருகுவது அதன் கைவரிசை. பழுது நீங்கினால் லெக்ஸ்ஏ மறுபடி குவிந்து எல்லாவற்றையும் மூடும்.

ஆய்வகத்தில் ஓர் எச்சரிக்கை. புற ஊதா ஒளி காட்டிய பாக்டீரியாத் தட்டைப் பினாங்கின் மத்தியான வெளிச்சம் விழும் ஜன்னலோரம் வைத்தால், ஃபோட்டோலையேஸ் என்ற நொதி அந்த ஒளியைக் கொண்டே சேதத்தைச் சரிசெய்துவிடும்; துலங்கல் மங்கிப்போகும். உடனே அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் தூண்டினால் இந்தத் தொல்லை இல்லை.