பிரைமரிக்குத் தமிழ் என்ன? 'முதன்மைத் தேர்தல்' நிச்சயமாக இல்லை

"அமர்ந்திருக்கும் அதிபர் கார்ட்டருக்கு டெட் கென்னடி விடுத்த முதன்மைச் சவால்." அமெரிக்க அரசியல் பற்றிய ஒரு தமிழ்க் காணொளியில் காதில் விழுந்த வாக்கியம் இது. கார்ட்டர் நாற்காலியில் அமர்ந்திருந்தாரா திண்ணையில் அமர்ந்திருந்தாரா என்பதை அப்புறம் பார்ப்போம். 'முதன்மைச் சவால்' என்றால் தமிழில் என்ன பொருள்? கார்ட்டருக்கு இருந்த தலைவலிகளிலேயே பெரிய தலைவலி கென்னடிதான் என்று பொருள். விலைவாசி, பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை, தெஹ்ரானில் பிணைக்கைதிகள் என்று அந்த மனிதருக்கு இருந்த எல்லாவற்றையும் விடப் பெரியது! பேசியவர் சொல்ல வந்தது அது இல்லை. ஆங்கிலத்தில் 'பிரைமரி சேலஞ்ச்' என்று இருந்ததை அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லைப் போட்டு நிரப்பிவிட்டார், அவ்வளவுதான். ஒருமுறை என்றால் போகட்டும் என்று விடலாம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்கத் தேர்தல் வருகிறது, கூடவே இந்த 'முதன்மை'யும் வந்துவிடுகிறது.

முதலில் பொருள். அமெரிக்க அதிபர் தேர்தல் நவம்பரில் நடக்கும். அதில் ஜனநாயகக் கட்சி சார்பில் யார் நிற்பது, குடியரசுக் கட்சி சார்பில் யார் நிற்பது என்பதை அதற்கு முந்தைய மாதங்களில் மாநிலம் மாநிலமாக வாக்குப்பதிவு நடத்தி முடிவு செய்கிறார்கள். அதுதான் பிரைமரி. பதவியில் இருக்கும் அதிபரே மறுபடி நிற்க விரும்பினால் பெரும்பாலும் அவருக்கு எதிராகப் பெரிய ஆள் யாரும் வரமாட்டார். எப்போதாவது சொந்தக் கட்சியிலிருந்தே ஒருவர் "இவர் வேண்டாம், நான் நிற்கிறேன்" என்று கிளம்புவார். கென்னடி குடும்பத்தில் மட்டும் மூன்று பேர் இப்படிக் கிளம்பியிருக்கிறார்கள். 1968இல் ஜான்சனை எதிர்த்து ராபர்ட், 1980இல் கார்ட்டரை எதிர்த்து அவர் தம்பி டெட், 2023இல் பைடனை எதிர்த்து ராபர்ட்டின் மகன் ராபர்ட் ஜூனியர்.

சொல்லின் பிறப்பு அவ்வளவு சிக்கலில்லை. லத்தீனில் 'ப்ரீமுஸ்' என்றால் முதல். அதிலிருந்து வந்த பிரைமரிக்கு இரண்டு கிளைகள். ஒன்று தரத்தில் முதல், இன்னொன்று வரிசையில் முதல். அரசியலுக்குள் வந்தது இரண்டாவது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அரசியல் சட்டத்தில் மக்கள் முதலில் கூடும் அடிமட்டக் கூட்டத்துக்கு இந்தச் சொல்தான் பெயர். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் போய் அடுத்த அடுக்கைத் தேர்ந்தெடுப்பார்கள். அமெரிக்காவிலும் வட்டார அளவில் கட்சிக்காரர்கள் முதலில் கூடும் கூட்டம் பிரைமரி எனப்பட்டது. 1842இலேயே பென்சில்வேனியாவின் கிராஃபோர்ட் கவுண்டியில் கூட்டத்துக்குப் பதில் நேரடி வாக்குப்பதிவு வந்துவிட்டது. விஸ்கான்சின் 1903இல் சட்டம் இயற்றி மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்தது. ஒரெகன் 1910இல் அதிபர் வேட்பாளருக்கும் நீட்டியது. எங்கே பார்த்தாலும் 'முதலில் நடப்பது' என்ற பொருள்தான். 'முக்கியமானது' என்ற பொருள் இந்தப் பாதையில் எங்குமே வரவில்லை.

தமிழில் இந்த இரண்டு கிளைகளுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன, அதுவும் அரசாங்கமே பிசகாமல் பயன்படுத்துகிறது. பிரைமரி ஸ்கூல் தொடக்கப்பள்ளி, முதன்மைப் பள்ளி என்று யாரும் எழுதியதில்லை. பிரைமரி ஹெல்த் சென்டர் ஆரம்ப சுகாதார நிலையம். கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று பலகையே இருக்கும். கல்வித் துறைக்குள்ளேயே தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர் வேறு, முதன்மைக் கல்வி அலுவலர் வேறு. பின்னவர் மாவட்டத்துக்கே பெரிய அதிகாரி, அந்த 'முதன்மை' சீஃப் என்பதற்கு ஈடு.

டிஎன்பிஎஸ்சி எழுதும் எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள். குரூப் ஒன்றில் முதலில் வருவது முதனிலைத் தேர்வு, அதாவது பிரிலிம்ஸ். அதில் தேறியவர்கள் அடுத்து எழுதுவது முதன்மைத் தேர்வு, மெயின்ஸ். லட்சக்கணக்கானவர்கள் இந்தப் பொருளில்தான் 'முதன்மை'யைப் படித்து வளர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் "நியூ ஹாம்ப்ஷயரில் முதன்மைத் தேர்தல் முடிந்தது, இனி நவம்பரில் பொதுத் தேர்தல்" என்றால் தலைகீழாகத்தானே புரிந்துகொள்வார்கள்? சொல் அழகாக இல்லை என்பதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. உண்மையைத் திருப்பிப் போடுகிறது என்பதுதான் வழக்கு.

1980 கதையை இந்தச் சொல்லால் சொல்லவே முடியாது. 1979 கோடையில் கருத்துக்கணிப்புகளில் கென்னடி வெகு தூரம் முன்னே இருந்தார். நவம்பர் 4ஆம் தேதி அவருடைய தொலைக்காட்சிப் பேட்டி ஒளிபரப்பானது. "ஏன் அதிபராக விரும்புகிறீர்கள்?" என்று பேட்டியெடுத்த ரோஜர் மட் கேட்ட சாதாரணக் கேள்விக்கு மனிதர் தடுமாறிப்போனார். அதே நாளில்தான் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது, மக்கள் நடப்பு அதிபரின் பின்னால் திரண்டார்கள். மூன்று நாள் கழித்து கென்னடி பாஸ்டனில் தம் போட்டியை முறைப்படி அறிவித்தார். நியூ ஹாம்ப்ஷயரில் தோற்றார், நியூயார்க்கில் வென்றார், ஜூன் மாதம் கலிஃபோர்னியாவில் வென்றார், ஆனாலும் மாநிலங்களில் கிடைத்த மாநாட்டுப் பிரதிநிதிகளின் மொத்தக் கணக்கில் கார்ட்டர் எங்கோ போய்விட்டார். ஆகஸ்டில், வேட்பாளரை முறைப்படி முடிவு செய்யும் கட்சியின் நியூயார்க் மாநாட்டில், அந்தப் பிரதிநிதிகள் பிரைமரி முடிவுக்குக் கட்டுப்பட்டவர்களா, மனசாட்சிப்படி வாக்களிக்கலாமா என்று கடைசியாக ஒரு சண்டை. 1,936க்கு 1,390 என்ற கணக்கில் அதிலும் தோல்வி. கடைசி நாள் மேடையில் கார்ட்டர், இருவரும் கைகோத்து உயர்த்தி நிற்கும் படத்துக்காகக் காத்திருந்தார். கென்னடி ஒரு கைகுலுக்கல் கொடுத்துவிட்டு மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர அந்தக் கையை உயர்த்தவே இல்லை. நவம்பரில் தேர்வாளர் வாக்குகளில் குடியரசுக் கட்சியின் ரீகன் 489, கார்ட்டர் 49. இப்போது "1980 முதன்மைத் தேர்தலில் கென்னடியும் 1980 தேர்தலில் கார்ட்டரும் தோற்றனர்" என்று எழுதினால், விஷயம் தெரியாதவருக்கு எது பெரிய தேர்தல் என்று தோன்றும்?

சரி, இதற்குப் போட்டியாகச் சிலர் கொண்டுவரும் சொல் 'உட்கட்சித் தேர்தல்'. இதை ஆதரிப்பவர்கள் கொஞ்சம் யோசித்தவர்கள், அதனால்தான் இவர்களோடு சண்டை போட இன்னும் ஆசையாக இருக்கிறது. கட்சிக்குள் நடக்கும் போட்டிதானே, உட்கட்சி என்பதில் என்ன தப்பு என்கிறார்கள். முதல் தப்பு, அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. நம் ஊரில் உட்கட்சித் தேர்தல் என்றால் கிளைச் செயலாளரில் தொடங்கி ஒன்றியம், மாவட்டம் என்று கட்சிப் பொறுப்புகளுக்கு நடப்பது. கென்னடி கட்சித் தலைவர் பதவிக்கா நின்றார்? இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. அமெரிக்காவில் பிரைமரியை நடத்துவது பெரும்பாலும் கட்சி கிடையாது, மாநில அரசு. வாக்குச்சாவடி அரசுடையது, வாக்குச்சீட்டு அரசு அச்சடிப்பது, செலவும் மக்கள் வரிப்பணம். உறுப்பினர் அட்டை, சந்தா என்று நாம் நினைக்கும் எதுவும் கிடையாது. பல மாநிலங்களில் கட்சியே சாராதவர் கூட வந்து வாக்களிக்கலாம். நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் பதிவு செய்துகொள்ளாதவர் அன்றைக்கு வந்து, இந்தக் கட்சிச் சீட்டைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குத்திவிட்டுப் போகலாம்.

இதற்கு 2024ஐ விட நல்ல சாட்சி வேண்டாம். ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு, முதல் இடம் தென் கரோலினாவுக்கு என்று அட்டவணை போட்டது. நியூ ஹாம்ப்ஷயர் கேட்கவில்லை. எங்கள் பிரைமரிதான் முதலில் நடக்க வேண்டும் என்று எங்கள் மாநிலச் சட்டம் சொல்கிறது என்று ஜனவரி 23ஆம் தேதி நடத்தியே விட்டது. பைடன் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை. ஆதரவாளர்கள் அவர் பெயரைக் கையால் எழுதிப் போட்டு வெல்ல வைத்தார்கள். கட்சி வேண்டாம் என்று சொல்லியும் மாநில அரசு நடத்துகிற ஒன்றை 'உட்கட்சி' என்று எந்த வாயால் சொல்வது?

போகிற போக்கில் இன்னொன்று. ராபர்ட் ஜூனியர் "முதன்மைத் தேர்தலில் தோற்றுப்போய் சுயேச்சையானார்" என்று பரவலாக எழுதுகிறார்கள். அவர் எந்த பிரைமரியிலும் தோற்கவில்லை, ஏனென்றால் ஒன்றையும் சந்திக்கவில்லை. 2023 ஏப்ரலில் அறிவித்தார், அக்டோபரில் கட்சியை விட்டே விலகிச் சுயேச்சை என்றார். முதல் வாக்குப்பதிவே 2024 ஜனவரியில்தான். அவர் சுயேச்சையான அன்றைக்கே உடன்பிறந்தவர்கள் நான்கு பேர் எதிர்த்து அறிக்கை விட்டார்கள் என்பது வேறு கதை. சொல் எப்போது நடப்பதைக் குறிக்கிறது என்றே தெரியாதபோது தேதியும் குழம்பத்தான் செய்யும்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடிக்கலாம். 'முதற்கட்டத் தேர்தல்' ஆகவே ஆகாது, ஏழு கட்டமாக மக்களவைத் தேர்தல் நடக்கும் நாட்டில் அதற்கு வேறு அர்த்தம். 'பூர்வாங்கத் தேர்தல்' பொருளில் சரி, ஆனால் கோர்ட் வாசனை அடிக்கிறது. 'முதனிலைத் தேர்தல்' நியாயமாகப் பார்த்தால் மிகப் பொருத்தம், தேர்வாணையமும் துணைக்கு இருக்கிறது. எனக்குள்ள ஒரே தயக்கம் காது. முதனிலை, முதன்மை இரண்டையும் வேகமாக வாசிக்கும் செய்தி வாசிப்பாளர் வாயில் வித்தியாசம் நிற்காது. தேர்வு எழுதுகிறவர்களே பிரிலிம்ஸ், மெயின்ஸ் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

என் வாக்கு 'முன்தேர்தல்' என்பதற்கு. முன்பதிவு, முன்பணம், முன்ஜாமீன் என்று நாம் தினமும் புழங்குகிற அமைப்பு இது. உண்மையான நிகழ்வுக்கு முன்பே நடந்துவிடுவது என்று சொல்லிலேயே இருக்கிறது. ஜெர்மானியர்களும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள், அவர்களுடைய 'ஃபோர்வால்' அப்படியே முன்தேர்தல். குறை இல்லாமல் இல்லை, இடைவெளி விட்டு 'முன் தேர்தல்' என்று அச்சடித்தால் முந்தைய தேர்தல் என்று வாசிக்க வாய்ப்பு இருக்கிறது. ஆகவே கட்டுரையில் முதல் தடவை வரும்போது 'வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல்' என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். இதுவும் பிடிக்கவில்லையா, பேசாமல் பிரைமரி என்றே எழுதுங்கள். தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. புரியாத கடன்சொல் வாசகரைத் தேட வைக்கும், தப்பான தமிழ்ச்சொல் தனக்குப் புரிந்துவிட்டது என்று நம்ப வைக்கும். இரண்டாவதுதான் ஆபத்து.

இப்போது அந்த 'அமர்ந்திருக்கும்'. ஆங்கிலத்தின் 'சிட்டிங் பிரசிடென்ட்' இப்படி ஆகியிருக்கிறது. பதவியில் இருக்கும் அதிபர், நடப்பு அதிபர் என்று நமக்குப் பழகிய தொடர்கள் இருக்கும்போது ஆளைப் பிடித்து உட்கார வைப்பானேன்? 'சவால் விடுத்தார்' என்பதும் அப்படித்தான். தேர்தலில் எதிர்த்து நிற்பார்கள், எதிர்த்துக் களமிறங்குவார்கள். சவால் விடுவது மேடைப் பேச்சில். 'நாமினேஷன்' என்பதற்குக் 'கட்சியின் நியமனத்தைப் பெற்றார்' என்று இன்னொரு கொடுமை உண்டு. நியமனம் வேலைக்குப் போடுவது. லட்சக்கணக்கானவர்கள் வாக்களித்து ஒருவரை வேட்பாளராக்கியிருக்கிறார்கள், அதற்கு நியமனம் என்றா பெயர்?

'அதிபர்' விஷயத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம் இல்லை. தமிழ்நாட்டில் அமெரிக்கத் தலைவருக்கு அதிபர் என்பது நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அதிபர் என்றால் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், நாட்டுத் தலைவர் ஜனாதிபதி. "அதிபரை எதிர்த்துக் கென்னடி" என்ற தலைப்பை அங்கே வாசிப்பவர் ஒரு நொடி திகைத்தால் தப்பு அவர்மேல் இல்லை. அவர்கள் ஜனாதிபதி என்றே எழுதிக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு இடத்தில் முன்தேர்தலையும் போடக்கூடாது. அயோவாவில் நீண்ட காலம் நடந்து வந்தது காக்கஸ். பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ மாலையில் கூடி, பேசி, ஆள் எண்ணி முடிவெடுக்கும் கட்சிக் கூட்டம் அது. அதை நடத்துவது உண்மையிலேயே கட்சிதான். 1980 ஜனவரி 21ஆம் தேதி கென்னடிக்கு முதல் அடி விழுந்தது அங்கேதான், 59க்கு 31 என்ற சதவீதத்தில். 'உட்கட்சி'யைக் கைவிட மனசில்லாதவர்கள் அதை இங்கே கொண்டுவந்து 'உட்கட்சிக் கூட்டம்' என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு மறுப்பில்லை.