கிளாரினெட் ஏன் வெடிக்கிறது?

கிளாரினெட், ஓபோ ஆகிய மேற்கத்திய ஊதுகருவிகளைப் பெரும்பாலும் கிரெனடில்லா மரத்தில்தான் கடைகிறார்கள். தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளரும் இந்தக் கருமரம் நம்மூர் ஈட்டிக்குச் சொந்தம். தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். இத்தனை கெட்டியான மரத்திலும், வாங்கிய முதல் வருடத்திலேயே விரிசல் விழுவதுண்டு.

பலரும் குளிரைக் குறை சொல்வார்கள். உண்மையில் மரத்தை அசைப்பது ஈரம்தான். நாம் ஊதும் காற்று வெதுவெதுப்பானது, ஈரம் நிறைந்தது. குளிர்ந்த மரத்தில் பட்டதும் உட்சுவரில் நீராகப் படிகிறது. மர நார்களின் செல்லுலோஸ் அந்த நீரை இழுத்துக்கொண்டு உப்புகிறது. மரம் அடர்த்தியாக இருப்பதால் ஈரம் வெளிப்பக்கம் வந்து சேர நேரம் எடுக்கும். அதுவரை உள்ளே ஊறிய மரம், வெளியே காய்ந்த மரம். உப்பிய உட்பக்கம் வெளியே நெட்டித் தள்ள, வெளித்தோல் சுற்றளவில் இழுபடுகிறது. குளிர்நாடுகளில் ஹீட்டர் போட்ட அறையின் வறண்ட காற்று வெளிப்பக்கத்தை இன்னும் சுருக்கிவிடும்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. உப்புவதும் சுருங்குவதும் அகலவாக்கில்தான். நாருக்கு நார் உள்ள பிடிப்பும் பலவீனமானது. அதனால்தான் விரிசல் எப்போதும் நீளவாக்கில் ஓடுகிறது. அதுவும் வாய்க்கு அருகில் இருக்கும் மேல்துண்டில், இழுவிசை குவியும் துளைகளின் ஓரத்தில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது.

ஆகவே உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஈர வித்தியாசத்தைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. புதுக் கருவியை முதல் சில வாரம் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் வாசித்து, மெல்ல நேரத்தைக் கூட்ட வேண்டும். சில்லிட்டிருந்தால் ஊதிச் சூடேற்றக் கூடாது. கையிலோ கக்கத்திலோ வைத்து வெளியிலிருந்து சூடாக்குவதே சரி. வாசித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைக்க வேண்டும். பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் நல்லது. எண்ணெய் பூசுவது ஈரம் ஏறுவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. துடைக்கச் சோம்பல்பட்டு எண்ணெயை நம்புவது வீண்.

நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பல காலம் காய்ந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி அடங்கிய மரம் அது.

சரி, வெடித்தே விட்டால்? உடனே வாசிப்பை நிறுத்துங்கள். மேலோட்டமான கீறல் ஒலியைக் கெடுக்காது, ஆனால் ஆழமாகப் போகக்கூடும். உள்துளை வரை போனாலோ சுரத்துளையைத் தொட்டாலோ காற்று கசிந்து, கீழ்ச்சுரங்கள் பேசாமல் போகும். ஈரமான நாட்களில் விரிசல் தானாக மூடிக்கொண்டதுபோல் தெரியும். மரம் காய்ந்ததும் மறுபடி திறக்கும். சிறிய விரிசலில் நீர்த்த சயனோ அக்ரிலேட் பசையை (சூப்பர் குளூ வகை) ஊறவிட்டு, அதே மரத்தின் தூளை அடைத்துத் தேய்ப்பார்கள். ஆழமானதென்றால் விரிசலுக்குக் குறுக்கே துளையிட்டு, மரை போட்ட எஃகுக் கம்பிகளைச் செருகுவார்கள். அல்லது வெளியே காடி வெட்டிக் கார்பன் நார்ப் பட்டை கட்டுவார்கள். நன்றாகச் செய்தால் கருவி பல வருடம் உழைக்கும். விரிசல் விழுந்ததென்று அதைத் தூக்கிப் போடுவது அநியாயம்.

கிளாரினெட் செய்யும் பிரெஞ்சு நிறுவனமான பஃபே கிராம்போன் 1990-களில் கிரீன்லைன் என்ற வகையைக் கொண்டுவந்தது. கிரெனடில்லா தூள் 95 சதவீதம், கார்பன் நார் 5 சதவீதம், பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்தது. அதில் மரத்தின் நாரோட்டமே இல்லாததால் ஈரத்தால் நீளவாக்கில் பிளப்பதில்லை. ஆனால் அந்த நாரோட்டம் தரும் பலமும் இல்லை. கீழே விழுந்தால், துண்டுகள் சேரும் மெல்லிய கழுத்தில் குறுக்காக ஒடியக்கூடும்.