ஊசி போட்டவர் ஒருவர், குத்து வாங்குகிறவர் வேறொருவர்

சிரிஞ்சைத் தொடவே வேண்டியிராத ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் ஊசி குத்திவிட்டது என்றால், "பார்த்து வேலை செய்யக் கூடாதா" என்று அவரைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. ஊசி போட்டவர் டியூட்டி முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். பெட்ஷீட் உருவுகிற அக்கா, குப்பைப் பை கட்டுகிற அண்ணன், சலவை அறையில் துணி மூட்டையைப் பிரிக்கிறவர், இவர்கள் கையில்தான் அது ஏறும். நான் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பணியிடப் பாதுகாப்பு பார்க்கிறவன். நோயாளிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று எல்லாரும் ஓடுகிற இடத்தில், ஓடுகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை. பார்த்த வரைக்கும் சொல்கிறேன், இங்கே நடக்கிற காயங்களில் பல, முந்தைய ஷிப்டில் யாரோ அவசரமாக வேலையை முடித்ததில் மிஞ்சியவை.

எப்படி என்று தெரிய வேண்டுமானால் ராத்திரி கேஷுவால்டியில் நின்று பாருங்கள். திருக்கை முள் குத்தியவரைப் படகிலிருந்து நேரே தூக்கி வருவார்கள். கைலியெல்லாம் ஈரம், தரையெல்லாம் மணல், வலியில் அவர் போடுகிற சத்தத்துக்கு நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். காயத்தைச் சுத்தம் பண்ண மரத்துப்போகிற ஊசி, அப்புறம் டெட்டனஸுக்கான டிடி ஊசி. போட்ட சிரிஞ்சுகள் கிட்னி டிரேயில் பஞ்சோடு பஞ்சாகக் கிடக்கும். ஊசி முனையை வெட்டுகிற நீடில் கட்டரோ வார்டின் அந்தக் கோடியில் இருக்கும். அதற்குள் அடுத்த கேஸ் வந்துவிடும், சிஸ்டர் டிரேயை அப்படியே மஞ்சள் கழிவுப் பையில் கவிழ்த்துவிட்டு ஓடுவார். அவரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது, இரண்டு பேர் பார்க்க வேண்டிய ஷிப்டை ஒருவராகப் பார்க்கிறார். ஆனால் காலையில் அந்தப் பையைத் தொடையில் உரசத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அதனால் ஒரு வார்டுக்குள் போனதும் நான் சுவரில் இருக்கிற போஸ்டரைப் பார்ப்பதில்லை. ஊசி போடுகிற இடத்தில் நின்று கையை நீட்டினால் வெள்ளை டப்பா எட்டுகிறதா என்றுதான் பார்ப்பேன். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வகைக் கழிவு. ஊசி, பிளேடு போன்ற கூரான உலோகமெல்லாம் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவுக்கு. அது முக்கால்வாசி நிறைந்ததும் மூடி அனுப்பிவிட வேண்டும். விலையைப் பார்த்து, நிறைந்த டப்பாவையே அமுக்கி அமுக்கி இன்னும் இரண்டு நாள் ஓட்டுகிற இடங்களும் இருக்கின்றன. அப்புறம் இந்த மூடி போடுகிற பழக்கம். போட்டு முடித்த ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாதீர்கள் என்று எத்தனை வகுப்பு எடுத்தாலும், கை தானாகப் போய் மூடியைத் தேடுகிறது.

குத்திவிட்டால் எல்லாரும் பயப்படுவது எச்.ஐ.வி-க்குத்தான். உண்மையில் எச்.ஐ.வி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுவதற்கான வாய்ப்பு 1000-க்கு 3 அளவுதான். யாரும் பேசாத, கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு 100-க்கு 30 வரைகூடப் போகும். அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில் 7 நாள் வரை வீரியத்தோடு இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது, அவ்வளவுதான். டாக்டரும் நர்ஸும் போட்டிருப்பார்கள். துப்புரவு அக்காக்களிடம் கேட்டால், "அதெல்லாம் நமக்கா தம்பி?" என்பார்கள்.

"விடுங்க தம்பி, நண்டு கடிச்சதை விடவா இது வலிக்கப் போகுது" என்று ஊசிக்குத்து வாங்கிய ஒரு அக்கா சிரித்துக்கொண்டே விரலைச் சேலையில் துடைத்தார். வலி இல்லை என்பதுதான் சிக்கலே. உட்கார்ந்து பேசினால், வெளியே சொல்லாததற்கு வேறு காரணங்கள் ஒவ்வொன்றாக வரும். சொன்னால் சூப்பர்வைசர் திட்டுவார், ரத்தப் பரிசோதனைக்குப் போனால் அரைநாள் சம்பளம் போகும், "அவளுக்கு என்னமோ டெஸ்ட் எடுத்தாங்களாம்" என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் மகள் கல்யாணம் வரைக்கும் வந்து நிற்கும். இதையெல்லாம் காதில் வாங்காமல், சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று மைக்கில் பேசிப் பிரயோஜனம் இல்லை.

சரி, குத்திவிட்டது, என்ன செய்வது? ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கி ரத்தம் எடுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், ஸ்பிரிட்டோ பிளீச்சிங்கோ ஊற்றாதீர்கள். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த நோயாளியின் ஊசி என்று தெரிந்தால் அவருடைய ரத்தத்தையும் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி தடுப்பு மாத்திரை தேவை என்று டாக்டர் சொன்னால், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எவ்வளவு தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். தொண்டியிலோ சாயல்குடியிலோ வேலை பார்க்கிறவருக்கு ராமநாதபுரம் பஸ் பிடித்து வருவதிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். ஆகவே முதல் டோஸையாவது அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே வைத்திருங்கள் என்று நிர்வாகங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இது தயவு தாட்சண்யம் இல்லை. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி சட்டமே, பாதிப்புக்கு ஆளாகக்கூடிய ஊழியர்களுக்குப் பாதுகாப்பு உபகரணம், பயிற்சி, இந்த மாத்திரை மூன்றையும் கொடுக்கச் சொல்கிறது.

அடுத்தது எங்கள் ஊர் உப்பு. போர் தண்ணியெல்லாம் கரிக்கும், காவிரித் தண்ணி குடிக்கத்தான் காணும். கழிப்பறைப் பீங்கானில் படிகிற உப்புக்கறை பினாயிலுக்கெல்லாம் அசையாது. அதனால் ஆசிட். அதுவும் லேபிள் இல்லாத ஆசிட், பழைய குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி பக்கெட் ஓரம் வைத்திருப்பார்கள், பார்த்தால் வயிறு கலங்கும். காலை ஷிப்டு அக்கா ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டுப் போவார். மதியம் வருகிறவர், வாடை போகட்டும் என்று அதன்மேல் பிளீச்சிங் கரைசலை ஊற்றுவார். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத கழிப்பறையில் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, இருமிக்கொண்டே வெளியே வருவார்கள். "பினாயில் நெடி சார், கொஞ்ச நேரத்துல சரியாப்போயிரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போவதும் உண்டு. போகக் கூடாது. காற்றோட்டமான இடத்துக்கு வர வேண்டும், கண்ணில் 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், ஆஸ்துமா உள்ளவரென்றால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். இன்னொரு விஷயம், இந்த ஈரக்காற்றில் திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். வேலை செய்யவில்லையே என்று கூடுதலாக அள்ளிப் போடுவார்கள். சரியான அளவு இதுதான்: 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்கிற பிளீச்சிங் திரவம் 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு, அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே. அளவு கப்பை டிரம்மோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

உப்புக்காற்று ஆக்சிஜன் சிலிண்டரையும் விடுவதில்லை. கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள் உள்ள அந்தப் பெரிய சிலிண்டரில் நிரப்பும்போது சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அளவில் அழுத்தம் இருக்கும். கடலைப் பார்த்த வராண்டாவில் அடுக்கினால் வால்வு துருப்பிடித்து இறுகிவிடும். திருகு இறுகினால் என்ன செய்வோம்? எண்ணெய் விடுவோம். வீட்டுப் பூட்டுக்குச் சரி. ஆக்சிஜன் வால்வில் தேங்காய் எண்ணெயோ கிரீஸோ பட்டால், திறக்கிற வேகத்தில் நெருப்பு இல்லாமலே பற்றிக்கொள்ளும். எண்ணெய் விட்டவர் ஒருவர், ராத்திரி அவசரத்தில் திறக்கிற வார்டு பாய் வேறொருவர். இறுகிய சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அவ்வளவுதான்.



கதவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நோயாளியோடு குடும்பமே பாயோடு வந்து மாடிப்படியில் படுத்துக்கொள்கிறது என்று பின்பக்கப் படியின் கிரில் கேட்டைப் பூட்டுவார்கள். சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். 2001 ஆகஸ்ட் 6-ல் எங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு நான் வேறு ஊர் உதாரணம் தேட வேண்டியதில்லை. பூட்டைத் திறக்கச் சொன்னால் திருட்டுப் பயம் என்பவர்களிடம், உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கதவு கடையிலேயே கிடைக்கிறது என்பேன்.

ஆய்வுக்குப் போகிற இடங்களில் ஊசிக்குத்துப் பதிவேட்டை எடுத்துக் காட்டி, "பாருங்க சார், ஒண்ணுகூட இல்ல" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம் வரும். நாலைந்து பதிவு இருந்து, அதிலும் துப்புரவுப் பணியாளர் பெயர் இருந்தால், அங்கே பயப்படாமல் சொல்ல முடிகிறது என்று எடுத்துக்கொள்வேன். சொன்னவருக்கு அன்றைய சம்பளம் பிடிக்கப்பட்டதா என்று அடுத்த கேள்வி.

துப்புரவு ஒப்பந்தம் போடும்போது துடைப்பம் யார் செலவு, பினாயில் யார் செலவு என்று வரி வரியாக எழுதுகிறார்கள். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் யார் செலவு என்று அதில் ஒரு வரி சேருங்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், கழிவைத் தொடுகிற எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்வது ஆஸ்பத்திரியைத்தான், ஒப்பந்தக்காரரை இல்லை.